காட்டெருமைக்குப் பெரட்டு

எஸ்டேட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் ஃபீல்டு ஆபீசர்களே, கவாத்து எப்போது வெட்டுவது, உரம் எவ்வளவு போடுவது என்றெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அதையெல்லாம் காலேஜிலேயே படித்துவிட்டுத்தான் வருகிறீர்கள். என்னைவிட நன்றாகவே படித்திருக்கிறீர்கள், அதில் எனக்குப் பொறாமைகூட உண்டு. குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டிவிட்டு, இப்போது கேத்தியில் நாலு பாத்தி காரட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவன் நான். எனக்குத் தெரிந்தது ஒரே விஷயம்தான். உங்களிடம் வேலை பார்ப்பவர்களை விளையாட விடுங்கள். ஓரமாக நின்று வேடிக்கை பார்க்காமல் நீங்களும் சேர்ந்து விளையாடுங்கள். நான் இதைக் கற்றுக்கொள்வதற்குள் ஒரு பெண்ணின் கால் முறிந்துவிட்டது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் என் யோசனைப் பெட்டியின் கதை. ஊட்டியில் ஒரு ஓட்டலில் எங்களுக்கு ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். கலர் கலராகத் தாள் கொடுத்து எழுதச் சொன்னார்கள், மத்தியானம் நல்ல பிரியாணி போட்டார்கள். 'தொழிலாளர்களிடம் யோசனை கேளுங்கள்' என்று ஒருவர் ஆங்கிலமும் தமிழுமாகப் பேசினார். நானும் சூட்டோடு சூடாகத் திரும்பிவந்து, ஆசாரியிடம் சொல்லி ஒரு மரப்பெட்டி செய்து, பூட்டுப் போட்டுப் பெரட்டுக் களத்தில் மாட்டினேன். பெரட்டு என்றால் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். காலையில் எல்லோரும் கூடி, பேர் கூப்பிட்டு, யார் எந்தப் பக்கம் போவது என்று பிரிக்கிறோமே, அதுதான். எங்கள் எஸ்டேட்டில் பாதிக் குடும்பங்கள் இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவை, அவர்கள் கொண்டுவந்த சொல் அது. தேயிலைக் காட்டையும் அவர்கள் மலை என்றுதான் சொல்வார்கள். ஆறாம் மலை, ஒன்பதாம் மலை என்று நானும் அப்படியே பழகிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்தேன். இரண்டு மிட்டாய்த் தாள், ஒரு ஊட்டி பஸ் டிக்கெட், ஒரு துண்டுச் சீட்டு. சீட்டில், 'ஐயா, பெட்டிக்கு எதுக்குப் பூட்டு?' என்று எழுதியிருந்தது. எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். அது யார் கையெழுத்து என்று பத்து நாள் துப்புத் துலக்கினேன். அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று பத்து நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

அந்த வருஷம்தான் காட்டெருமைத் தொல்லை அதிகமானது. எங்கள் மேல் டிவிஷன் சோலைக்காட்டை ஒட்டி இருந்தது. காலையில் கொழுந்து எடுக்கப் போனால், தேயிலைக்கு நடுவில் கறுப்புப் பாறையாக நாலைந்து நிற்கும். ஒருநாள் ஒன்பதாம் மலையில் ஒற்றைக் கடா ஒன்று நகரவே மாட்டேன் என்று நின்றது. நான் யாரையும் கேட்கவில்லை. கீழ்ப்பக்கம் நின்று பட்டாசு வெடிக்கச் சொன்னேன். சோலைப் பக்கம் நேரே ஓடிவிடும் என்று எனக்கு நினைப்பு. அது நேரே ஓடவில்லை. தேயிலைக்கு நடுவே போகிற குறுக்குப் பாதையில் திரும்பி ஓடியது. அந்தப் பாதையில் கூடையோடு ஒதுங்கி நின்றவள் சரோஜா. இருபது வருஷமாக அந்த மலையில் கொழுந்து எடுப்பவள். தூக்கி வீசியதில் தொடை எலும்பு முறிந்துபோனது.

ஆஸ்பத்திரி வாசலில் டிராக்டர் டிரைவர் பழனிச்சாமி என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கோயமுத்தூர்ப் பக்கத்து மனிதர், அதிர்ந்து பேச மாட்டார்.

"ஏனுங்க, அது தெனமும் அந்தக் குறுக்குப் பாதையிலதானுங்க சோலைக்குப் போவுது. நான் வண்டியில வர்றப்ப பார்த்துட்டுத்தானுங்க இருக்கறேன்" என்றார்.

"இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்று சீறினேன்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பனுங்க" என்றார்.

என்னை யாராவது அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். எஸ்டேட்டில் எல்லோரும் அவரைத் துரை என்பார்கள், அவருக்கும் அது பிடிக்கும். "ஒரு மாசம் டைம் தர்றேன். வழி கண்டுபிடிங்க. இல்லேன்னா மேல் டிவிஷனை மூடிடலாம், ஆளுங்களைக் கீழ் டிவிஷனுக்கு மாத்திடலாம்" என்றார். சொல்வதற்குச் சுலபம். மூடினால் அங்கே தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளையும் காலி செய்யவேண்டும். கீழ் டிவிஷன் முழுக்கச் செங்குத்தான சரிவு, சரோஜாவின் கால் எவ்வளவு தேறினாலும் அதற்குத் தேறாது. வேலையும் போகும், வேலையோடு கிடைத்த வீடும் போகும். பிளஸ் டூ படிக்கிற மகளை வைத்துக்கொண்டு அவள் எங்கே போவாள்? அவளை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது என் பட்டாசு.

பெரட்டில் எல்லோரையும் நிற்கவைத்து, "சொல்லுங்க, என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். "நீங்க சொல்றதுதாங்க ஐயா" என்று ஒரு குரல் வந்தது. மறுநாளும் கேட்டேன். மறுநாளும் அதேதான்.

மூன்றாம் நாள் பிள்ளைக் காம்பரா பக்கம் போனேன். வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. அங்கே பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்கு என் வயதுதான் இருக்கும். வாசலில் குழந்தைகள் வட்டமாக உட்கார்ந்து புளுகு விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தன.

"எங்க வீட்டுக்குக் கரடி வந்துச்சு."

"ஆமா, அப்புறம் அது தேத்தண்ணி கேட்டுச்சு."

"ஆமா, அப்புறம் சீனி பத்தலைன்னு அழுதுச்சு."

ஒரு குட்டிப் பெண் மட்டும், "கரடி பேசாது" என்றாள். ஆயா உடனே, "நீ போய்க் கை கழுவிட்டு வா" என்றார். அந்தக் குழந்தை ஓடிப்போய்க் குழாயில் கை கழுவிவிட்டு வந்து, "ஆமா, அப்புறம் அம்மா கரடிக்குச் சீனி போட்டாங்க" என்றது. 'ஆமா, அப்புறம்' என்றுதான் தொடங்கவேண்டும், இல்லை என்கிறவர் கை கழுவவேண்டும். விளையாட்டுக்கு அவ்வளவுதான் சட்டம்.

என் சங்கடத்தை ஆயாவிடம் சொன்னேன். "யாரும் வாயே திறக்க மாட்டேங்கிறாங்க" என்றேன்.

"நீங்க எப்படிக் கேட்டீங்க?"

"நல்ல யோசனையா சொல்லுங்கன்னு கேட்டேன்."

ஆயா சிரித்தார். "நல்லதா சொல்லுன்னா யாருங்க ஐயா வாயைத் திறப்பா? முதல்ல நீங்க புளுகணும். நீங்க சரியாவே பேசிக்கிட்டிருந்தா, அவங்க எப்படித் தப்பாப் பேசுவாங்க?"

உங்களுக்கு இதைச் சொல்லித்தர எந்த ஓட்டலிலும் ஆள் கிடைக்காது. எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில் சில்வர் ஓக் மரத்தடியில் நானும் போய் உட்கார்ந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "காட்டெருமைக்கெல்லாம் மலை ரயில்ல மேட்டுப்பாளையத்துக்கு டிக்கெட் எடுத்துக் குடுத்துடலாமா?" என்றேன். ஐயாவுக்குக் காய்ச்சலோ என்று பார்த்தார்கள். பிறகு ஜெயந்தி என்ற பெண், அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம், "ஆமாங்க ஐயா, அப்புறம் அது ஜன்னல் சீட்டு கேக்கும்" என்றாள்.

"ஆமா, அப்புறம் கொம்பை வெளிய நீட்டாதேன்னு கார்டு சத்தம் போடுவாரு" என்றது இன்னொரு குரல்.

அவ்வளவுதான், மடை திறந்தது. விளையாட்டுச் சட்டத்தையும் சொன்னேன். அன்றைக்கு முதலில் கை கழுவியவன் நான்தான். "மோட்டார் வச்சு ஊதல் அடிக்கலாம்" என்று ஒருத்தி சொல்ல, "கரண்டுக்கு எங்கே போறது?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன். எல்லோரும் ஒரே சமயத்தில் பக்கத்துக் குழாயைக் காட்டினார்கள்.

இரண்டு மூன்று நாளில் பேச்சு எங்கெங்கோ போனது. காட்டெருமைக்கு நாலு காலிலும் முட்டிக்குக் கீழே வெள்ளையாக இருக்குமே, அதைப் பார்த்து, "எல்லாம் சாக்ஸ் போட்டுட்டு நேரத்துக்கு வருதுங்க. பேசாம வேலைக்குச் சேர்த்துடலாம்" என்றாள் ஒருத்தி. "ஆமா, அப்புறம் பேர் வைக்கணும்." வைத்தார்கள். மூக்கில் தழும்போடு தனியாகத் திரியும் கடா மூக்கன். அதுதான் சரோஜாவைத் தூக்கியது. மெதுவாக, ஊரே தனக்குச் சொந்தம் மாதிரி நடக்கிறது மணியக்காரர். புதிதாகக் கன்று போட்டது புதுப்பொண்ணு. "ஆமா, அப்புறம் பெரட்டுல பேர் கூப்பிடணும்" என்றாள் ஜெயந்தி. வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அப்போது மேனேஜரின் ஜீப் வந்து நின்றது.

இறங்கியவர் எங்களைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன் நான் துள்ளி எழுந்து, பெண்களைப் பார்த்துக் கத்தினேன். "என்ன இளிப்பு வேண்டிக்கிடக்கு? ஒருத்தி ஆஸ்பத்திரியில கிடக்கிறா, உங்களுக்குக் கொண்டாட்டம் கேக்குதா?"

மேனேஜர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். ஜெயந்தி மட்டும் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டுப் போனாள்.

என் முப்பது வருஷத்தில் நான் செய்த அசிங்கமான காரியம் அது. விளையாட்டைத் தொடங்கியவன் நான். மாட்டிக்கொள்ளும் நேரம் வந்ததும், அவர்களைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, சரோஜாவின் பேரைச் சொல்லி என் தலையைக் காப்பாற்றிக்கொண்டேன். எழுதும்போது இப்போதும் கூசுகிறது. நாளைக்கு உங்களுக்கும் ஒரு ஜீப் வந்து நிற்கும். முன்பின் யோசிக்க நேரம் இருக்காது. அந்த ஒரு நொடியில் நீங்கள் யார் பக்கம் என்று காட்டுகிறீர்களோ, அதைத்தான் அவர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

நாலு நாள் எனக்கு "சரிங்க ஐயா" தவிர வேறு பேச்சுக் கிடைக்கவில்லை. மரத்தடியில் நான் போய் உட்கார்ந்தால் தேத்தண்ணியைச் சீக்கிரம் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். ஆயாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "போய்க் கை கழுவுங்க" என்றார்.

ஐந்தாம் நாள் பெரட்டில், பேர் கூப்பிடுவதற்கு முன், எல்லோர் முன்னாலும் நின்றேன். "அன்னிக்குச் சிரிப்பை ஆரம்பிச்சது நான். துரைக்குப் பயந்து உங்க மேல பாய்ஞ்சேன். சரோஜாவுக்கு இப்படி ஆனதும் உங்களை யாரையும் கேக்காம நான் பட்டாசு வெடிக்கச் சொன்னதாலதான். ரெண்டுமே என் தப்பு" என்றேன்.

ஜெயந்தி முன்னால் வந்தாள்.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும்ங்க ஐயா. விளையாட்டுப் பாதியில நிக்குதே? நீங்கதான் இன்னிக்குக் காட்டெருமை. நான் பேர் கூப்பிடுவேன், நீங்க இருக்கேன்னு சொல்லணும்."

பேர்ப் பட்டியல் இருக்கும் செக்ரோல் புத்தகத்தை என் கையிலிருந்தே வாங்கிக்கொண்டாள். நான் களத்துக்கு நடுவில் போய் நின்றேன்.

"மூக்கன்!"

"இருக்கேன்."

"எங்கே இருக்கே?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் அந்த மலையை மேய்த்தவன், காட்டெருமை அந்த நிமிஷம் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் முழித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்போது பின்னாலிருந்து பழனிச்சாமியின் குரல் வந்தது. "ஒன்பதாம் மலையில, தண்ணித் தொட்டிக்கு மேலங்க. இப்பத்தான் பார்த்துட்டு வர்றேன்."

"மணியக்காரர்!"

"இருக்கேன்."

"எங்கே?"

"எங்க லயத்துக்குப் பின்னால, மூங்கில் பக்கம்" என்றாள் ஒரு கிழவி.

மூன்றாவது பேரைக் கூப்பிட்டபோது யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியாகப் பெரட்டுக்கு வருகிறார்கள். ஒவ்வொருவர் கண்ணிலும் ஒரு காட்டெருமை படுகிறது. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தால் மலை முழுவதும் தெரிகிறது. அதுவரை அதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு ஒன்பதாம் மலையை விட்டுவிட்டு முதலில் ஆறாம் மலைக்குப் போனோம். வெயில் ஏறியதும் மூக்கன் தானாகவே குறுக்குப் பாதை வழியாகச் சோலைக்குள் போனான். பிறகு ஒன்பதாம் மலைக்குப் போனோம். பட்டாசும் இல்லை, விரட்டலும் இல்லை. மறுநாள் ஜெயந்தி ஒரு பழைய கரும்பலகையில் டிவிஷன் முழுவதையும் வரைந்து களத்தில் மாட்டினாள். ஆயா கலர் சாக்பீஸ் கொடுத்தார். அதைப் போட்டுவைக்க என் யோசனைப் பெட்டியை இறக்கினார்கள். பூட்டை நானே கழற்றினேன். கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு சட்டம் போட்டோம். பேர் கூப்பிட்டு எந்தக் காட்டெருமைக்காவது பதில் வராவிட்டால், அதைப் பார்த்த ஆள் கிடைக்கும்வரை யாரும் மலையில் கால் வைக்கக்கூடாது.

மேனேஜருக்கு இது பிடிக்கவில்லை. "காட்டெருமைக்குப் பெரட்டா? வெளியே தெரிஞ்சா சிரிப்பாங்க" என்றார். இந்தத் தடவை நான் பின்வாங்கவில்லை. "சிரிக்கட்டும் சார். அன்னிக்கு நீங்க பார்த்த சிரிப்பும் நான் ஆரம்பிச்சதுதான்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு மாசம்" என்றார். அது முடிந்ததும் இன்னொரு மாதம். டிவிஷனை மூடுவதாகவும் சொல்லவில்லை, மூடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பெரட்டுப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை.

சரோஜா வேலைக்குத் திரும்பிய நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். லேசாகத் தாங்கித் தாங்கி நடந்து வந்தாள். "காலு நடுங்குதுங்க ஐயா. வீட்டுல உக்காந்திருந்தாலும் நடுங்கத்தான் செய்யுது. அதான் வந்துட்டேன்" என்றாள். அன்றைக்குக் காட்டெருமைப் பேர்களைத் தானே கூப்பிடுவதாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மணியக்காரருக்குப் பதில் வந்தது. புதுப்பொண்ணுக்கும் வந்தது.

"மூக்கன்!" என்றாள் சரோஜா.

பதில் இல்லை.

பழனிச்சாமி உதட்டைப் பிதுக்கினார். நல்ல மூடுபனி வேறு. "சோலைக்குள்ளதான் இருப்பான், போலாம்" என்று யாரோ சொன்னார்கள். ஒன்பதாம் மலையில் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது, மத்தியானத்துக்குள் எடுத்தாகவேண்டும் என்று மேனேஜர் முந்தின நாளே சொல்லியிருந்தார். சரோஜா என்னைப் பார்த்தாள். 'ஓடிவிடும்' என்று நானாக நினைத்துத்தான் இவள் காலை முறித்தேன். 'இருப்பான்' என்று நினைத்து இன்னொரு தடவை அனுப்ப மாட்டேன். "பதில் வரலை. யாரும் போகவேண்டாம்" என்றேன்.

கால் மணி நேரம் ஆனது. அரை மணி ஆனது. என் போன் அடித்தது.

"ஏன் இன்னும் ஆள் மலைக்குப் போகலை?" என்றார் மேனேஜர்.

"மூக்கனைக் காணோம் சார்."

"விளையாட்டுக்கு ஒரு அளவு இல்லையா? நானே வர்றேன்" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். ஆனாலும் யாரையும் அனுப்பவில்லை.

ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் போன். இப்போது குரல் கிசுகிசுவென்று இருந்தது.

"அந்த மூக்கன்... மூக்குல தழும்பு இருக்குமா?"

"ஆமா சார்."

"என் பங்களா வாசல்லதான்யா நிக்கிறான். டேலியாப் பூவைப் பூராத் தின்னுட்டான். எனக்கும் ஜீப்புக்கும் நடுவில நிக்கிறான்."

நான் ஸ்பீக்கரைப் போட்டேன். "சார், அதைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. பெரட்டுக்குக் கேக்கணும்."

துரையின் குரல் களம் முழுவதும் கேட்டது.

"மூக்கன், பங்களா வாசல்ல இருக்கான்!"

களத்தில் எழுந்த கூச்சலுக்கு மூக்கனே மிரண்டிருப்பான். ஜெயந்தி என் கையிலிருந்த போனுக்குப் பக்கத்தில் வந்து, "ஆமாங்க துரை, அப்புறம்?" என்றாள்.

"அப்புறம்..." என்று இழுத்தார் மேனேஜர். "அப்புறம் எனக்கு இன்னிக்கு லீவு போட்டுடுங்க."

மேல் டிவிஷனை மூடுகிற பேச்சு அதற்குப் பிறகு வரவே இல்லை.

பலகையில் பங்களா கிடையாது. சரோஜா ஒரு ஓரத்தில் சின்னக் கட்டம் போட்டு, அதற்குள் மூக்கன் என்று எழுதினாள். கையிலிருந்த சாக்பீஸ் தூளைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, தாங்கித் தாங்கி, ஒன்பதாம் மலைக்கு முதல் ஆளாக நடந்தாள்.